தோலைத் தொடாத தையல்

கையைக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் பாக்யலட்சுமி அந்த மாடிப்படிகளை ஏறினாள். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது ரஷீத் அஹமதுவின் கையுறைப் பட்டறை. கூட வந்த கிறிஸ்டினா, "முந்தானைக்குள்ள கைய ஒளிச்சி வெக்காதக்கா. பார்க்கறவங்களுக்குத்தான் சந்தேகம் ஜாஸ்தியாவும்" என்று காதருகே சொன்னாள்.

இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைத்தவர்கள். அதற்கும் முன்னால், கல்யாணமான புதிதில், பாக்யலட்சுமி தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தாள். பெரிய மர டிரம்களிலிருந்து நீல நிறத்தில் வந்து விழும் ஈரத் தோல்களைத் தரம் பார்த்து அடுக்கும் வேலை. அங்கேதான் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு தோல் தடித்து, வெடித்து, வெடிப்பில் நீர் கசிந்தது. ஷூ கம்பெனிக்கு மாறியும் அது விடவில்லை. மருத்துவமனையில் முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டிப் பரிசோதித்த டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "குரோமியம் உங்க உடம்புக்கு ஒத்துக்கலம்மா. குரோம்ல பதம் போட்ட தோல் எதையும் இனிமே தொடக் கூடாது. இது மருந்துல போற வியாதி இல்ல."

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோலைத் தொடாமல் என்ன வேலை செய்வது? வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தாள். கணவன் செந்தில்குமார் லோடு ஆட்டோ ஓட்டினான். மகள் சௌந்தர்யா திருப்பத்தூரில் கல்லூரியில் படித்தாள். புளி கரைத்தால் எரிந்தது. மிளகாய் கிள்ளினால் உயிர் போனது. மகள்தான் காலையில் குழம்பு வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

பட்டறையில் ரஷீத் பாய் முதலில் கேட்டதே கையைத்தான். பாக்யலட்சுமி நீட்டினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த ஊரில் அந்த மாதிரிக் கைகள் அவருக்குப் புதிதல்ல. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தோலை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"இதுல குரோம் கெடையாதும்மா. படிகாரம், உப்பு, மாவு, முட்டை மஞ்சக்கரு. அந்தக் காலத்துல கையுறைக்கு இப்படித்தான் பதம் போட்டாங்க. தொட்டுப் பாரு."

தொட்டாள். கன்றுக்குட்டியின் காதைத் தொட்டது போல இருந்தது. பால் வெள்ளை இல்லை, லேசாக வெண்ணெய் நிறம். மறுநாள் வரை பயந்துகொண்டே விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

வெளிநாட்டு நாடகக் குழு ஒன்றுக்கான வேலை அது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா ராணிக் கதைகளை மேடையேற்றுகிறவர்கள். உடை, தொப்பி, கையுறை எல்லாம் அந்தக் காலத்தில் எப்படித் தைத்தார்களோ அப்படியே கையால் தைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். கையுறை என்றால் மணிக்கட்டோடு நிற்பதில்லை. முழங்கை வரை புனல் போல விரியும் அகலப் பட்டி. அது முழுக்கப் பூ வேலை.

"இத மாட்டிகினு எப்பட்றா சோறு சாப்பிடுவான் அந்த ராஜா?" என்றாள் கிறிஸ்டினா. தைக்க வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஹேமந்த் வந்தான். உடையலங்காரம் படித்தவன், முப்பது வயதிருக்கும். பழைய கையுறைகளின் படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து ஒட்டியிருந்தான். ஒரு நூலிழை கயிறு மாதிரித் தெரிந்தது. "இத எப்படித் தெச்சாங்கன்னு யாரும் எழுதி வெக்கலக்கா" என்றான். "மிச்சமிருக்கற பழைய துணிய லென்ஸ் வெச்சிப் பாத்து, ஒவ்வொருத்தரா முயற்சி பண்ணிக் கண்டுபுடிச்சதுதான். எனக்கே சில தையல் ரொம்ப நாள் வரல. அதனால வரலன்னா அழாதீங்க."

முதலில் துணியில் பழகினார்கள். பூவின் தண்டுக்கு ஒரு பின்னல் தையல். தங்க முலாம் பூசிய இழையை வளைத்து, பின்னோக்கி இரண்டு கண்ணிகளுக்குள் நுழைத்து இழுத்தால் சின்னப் பெண்ணின் தலைப்பின்னல் போல விழ வேண்டும். விழாது. இழை முறுக்கிக்கொள்ளும், முலாம் உரிந்து உள்ளிருக்கும் மஞ்சள் நூல் பல்லைக் காட்டும். பாக்யலட்சுமிக்கு அது கடைசி வரை சரியாகக் கைவரவில்லை. கிறிஸ்டினாவுக்கு வந்தது.

பாக்யலட்சுமிக்கு வந்தது இதழ்தான். முதலில் சங்கிலித் தையலால் இதழின் ஓரத்தை வரைய வேண்டும். அவ்வளவோடு சரி, அதற்குப் பிறகு ஊசி கீழே இறங்கவே கூடாது. ஓரத்துச் சங்கிலியில், பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பது போல, ஒரு வரிசைக் கண்ணிகள். அடுத்த வரிசை அந்தக் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு. அதற்கடுத்தது அதைப் பிடித்துக்கொண்டு. அடியில் இருக்கும் எதையும் தொடாமல், அந்தரத்திலேயே பட்டு நூலில் ஒரு சின்னத் துணி உருவாகும். முடிந்ததும் இதழுக்கு அடியில் விரல் நகத்தை நுழைக்கலாம். நிஜப் பூவின் இதழ் போல அது லேசாக எழும்பி நிற்கும்.

முதல் இதழ் பொட்டலம் மாதிரி சுருங்கிப் போனது. அடுத்தது தொளதொளவென்று தொங்கியது. வீட்டில் மகளின் பழைய சுடிதார்த் துண்டில், சாயந்தரங்களில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போட்டுப் போட்டுப் பார்த்தாள். நூலை இழுக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும் என்பது ஒருநாள் திடீரென்று கைக்குப் புரிந்தது. அவள் ரோஜா இதழைத் தூக்கிப் பார்த்த ஹேமந்த் தன் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

துணியிலிருந்து தோலுக்குப் போனபோது எல்லோரும் ஊசியை இறக்கும் முன் இரண்டு முறை பார்த்தார்கள். துணியில் தவறினால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி போன ஓட்டை ஓட்டைதான், எந்த வித்தையாலும் மூடாது. கையுறைகள் ஜோடி என்பதால் இரண்டும் ஒரே கை தைத்தது போல இருக்க வேண்டும். ரஷீத் பாய் யோசித்து, தண்டெல்லாம் கிறிஸ்டினா, பூவெல்லாம் பாக்யலட்சுமி என்று பிரித்துவிட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கையுறையை மாற்றி மாற்றித் தைத்தார்கள். ஒருத்தி ஊசியை வைக்கும்போது மற்றவள் எடுப்பாள்.

அந்த மாதங்களில் பாக்யலட்சுமியின் கை ஆறியது. அவளுக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் சௌந்தர்யாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, முடி வழக்கம் போல விரலின் வெடிப்பில் சிக்கவில்லை. மகள் திரும்பி, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "யம்மா, உன் கைதானா இது?" என்றாள். அன்று பாக்யலட்சுமி தானே புளி கரைத்துக் குழம்பு வைத்தாள்.

மாதிரி ஜோடிகள் கடல் தாண்டிப் போய், பிடித்துப்போய், பெரிய ஆர்டர் வந்தது. அதோடு புதுத் தோலும் வந்தது. அதே வெண்ணெய் நிறம், அதே மென்மை. இரண்டு நாளில் அவள் விரல் இடுக்குகளில் மணல் மணலாக ஏதோ தட்டுப்பட்டது. சொறிந்தாள். வேர்க்குரு என்று சொல்லிக்கொண்டாள். வார முடிவில் கொப்புளம் உடைந்து நீர் வந்தபோது, தோலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வாசனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரஷீத் பாய் மறைக்கவில்லை.

"ஆமாம்மா, இது குரோம்தான். மேல வெள்ள அடிச்சது. படிகாரத் தோலுக்கு ஈரம் ஆகாது. நடிகன் வேர்க்கறான், நாலு ஆட்டத்துல மாதிரிக் கையுறை அட்டை மாதிரி வெறச்சிப் போச்சாம். அவங்களே எழுதிட்டாங்க, தோல் மட்டும் இப்பத்திய தோலா இருக்கட்டும், வேலை பழசா இருக்கட்டும்னு."

ஹேமந்துக்கு போன் போட்டாள். அவன் சங்கடப்பட்டான். "அவங்க கேக்கறதும் நியாயம்தான்க்கா. எனக்கு உங்க கை விஷயம் தோணவே இல்ல. ஸாரிக்கா." அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? யாரும் ஏமாற்றவில்லை. யாரிடமும் கோபப்பட வழியில்லாமல் போனை வைத்தாள்.

வழி கண்டுபிடித்தது கிறிஸ்டினாதான். "ஓரத்துச் சங்கிலிய நான் போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் உன் தையல்தான் தோலத் தொடறதே இல்லியே! அடியில மட்டும் கை படாம பாத்துக்கினா போதும்." கையுறையை ஒரு மரச்சட்டத்தில் கவ்வ வைத்து, சுற்றிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார்கள். பாக்யலட்சுமி மேலிருந்தபடியே ஊசியை நுழைத்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அவள் இதழ்கள் முன்னைவிட அழகாக வந்தன.

ஆனால் பூ வேலை மேலேயே முடிந்துவிடுவதில்லை. நூலை முடிச்சிட உள்ளே கைவிட வேண்டும். வளைவு திரும்பும் இடத்தில் இடது விரலால் தோலை அணைக்க வேண்டும். தோல் தூள் வேறு எங்கும் இருந்தது. சட்டத்தில், துணியில், முந்தானையில். மெடிக்கல் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். பூசினால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். விரல் நுனிகளில் துணிச் சுருள் கட்டிக்கொண்டு தைத்தாள். மதியச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள். கணவனிடம் சொல்லவில்லை. கிறிஸ்டினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ரஷீத் பாய் அவளைக் கூப்பிட்டு, விரல் சுருள்களை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போம்மா. கை முழுசா ஆறட்டும். அப்புறம் பாக்கலாம்."

"பாய், இந்த ஆர்டர் முடியற வரிக்கும்..."

"எனக்கும் பொண்ணுங்க இருக்கு பாக்யா. இத பாத்துட்டு உன்ன தைக்கச் சொன்னா நான் மனுஷனே இல்ல. போம்மா."

யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. கிறிஸ்டினா தலையைத் தூக்கவில்லை. பாக்யலட்சுமி பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, நில்லு. உன் கை அழுவுது. பாத்துகினு எப்படிச் சும்மா இருக்கறது?"

"பூவையும் நீயே போட்டுக்கலாம்னு சொல்லிட்ட."

"இன்னா பேச்சு பேசற? நான் எதுக்கு..."

"என் எடத்துல யாரு உக்காரப் போறா? நீதானே?"

அது உண்மைதான். எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கிறிஸ்டினாவுக்கு இதழும் பழகியிருந்தது, வேறு யாருக்கும் வராது. டயர் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாக்யலட்சுமி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அந்தக் கோபத்தில்தான் அவள் அதைச் செய்தாள். பிறகு எவ்வளவோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பசியால் செய்யவில்லை, வீம்பால் செய்தாள். தன் கைக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவர்கள் தெருவிலேயே ஒரு புரோக்கர், ஷூ மேல்தோல்களை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டுப் பெண்களிடம் கையால் தைக்கக் கொடுப்பான். ஒரு மூட்டையை வாங்கி வந்தாள். மெழுகு பூசிய தடித்த நூல், இரண்டு பக்கமும் ஊசி, ஒவ்வொரு தையலுக்கும் நூலை விரலில் சுற்றி இழுத்து இறுக்க வேண்டும். நல்ல கையையே அறுக்கும் வேலை அது. முழுக்கக் குரோம் தோல்.

செந்தில்குமார் சத்தம் போட்டான். "உனக்கென்ன பைத்தியமா? டாக்டர் சொன்னது மறந்துபூட்ச்சா?"

"சும்மா ஒக்காந்துகினு இருந்தா பேஜாரா இருக்கு" என்றாள்.

அவன் மூட்டையைத் தூக்கித் தெருவில் வைத்தான். அவன் வண்டி எடுத்துப் போனதும் அவள் மறுபடி உள்ளே கொண்டுவந்தாள்.

வலது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த இடம் மூடவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினாள். விரல் பருத்தது, பிறகு பளபளவென்று சிவந்தது. ஒரு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு தணலாகக் கொதித்தது, கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. செந்தில்குமார் லோடு ஏற்றிக்கொண்டு காவேரிப்பாக்கம் போயிருந்தான். போன் எடுக்கவில்லை. சௌந்தர்யாவுக்கு வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கிறிஸ்டினாவைக் கூப்பிட்டாள்.

கிறிஸ்டினா தைத்துக்கொண்டிருந்த கோலத்தில், ரவிக்கையில் குத்திய ஊசியோடு ஓடிவந்தாள். ரஷீத் பாய் தன் காரைக் கொடுத்தார். வேலூர் போய்ச் சேரும்வரை பாக்யலட்சுமியின் தலை கிறிஸ்டினாவின் மடியில் இருந்தது. நினைவு வந்து வந்து போனது. ஒருமுறை கண்ணைத் திறந்து, "ஊசியக் கழட்டிட்டு ஒக்காருடி, குத்திடப் போவுது" என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

விரலைக் காப்பாற்ற முடியாது, விட்டால் கையே போய்விடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். செந்தில்குமார் வந்து சேர்ந்து கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் அறைக்கு வெளியே அவன் தரையில் உட்கார்ந்து, "மூட்டைய எரிச்சிருக்கணும். தெருவுல வெச்சதுக்குப் பதிலா எரிச்சிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கிறிஸ்டினா சௌந்தர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆள்காட்டி விரல் அடியோடு போயிற்று. விஷம் ஏறியதில் நடுவிரலும் பாதி வளைவோடு நின்றுவிட்டது. மயக்கம் தெளிந்த பாக்யலட்சுமி, கட்டுப் போட்ட கையை வெகுநேரம் பார்த்தாள். பெருவிரலை மெல்ல அசைத்து, இல்லாத விரலைத் தேடினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் அழுதாள், அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கிறிஸ்டினா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேரே வருவாள். பாக்யலட்சுமி அவளோடு பேசுவதில்லை. வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. கிறிஸ்டினா சௌந்தர்யாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து நீட்டினாள். "நாடகம் ஆரம்பிச்சிட்டாங்க. பாய்க்கு அனுப்பியிருந்தாங்க. பாக்கறியா?"

பாக்யலட்சுமி இடது கையால் வாங்கினாள். இருட்டு மேடை. கறுப்பு உடையில் ஒருவன் என்னமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். கையுறைகள் முழங்கை வரை இருந்தன. தண்டுகளின் தங்கம் மட்டும் அவ்வப்போது மின்னியது. பூக்கள் கண்ணுக்கே தெரியவில்லை. தூரத்தில் அவை வெறும் கறைகள். அவன் திடீரென்று ஒரு கையுறையை உருவி, எதிரே நின்றவனின் காலடியில் வீசி எறிந்தான். கூட்டம் கைதட்டியது.

"ஏன் போட்டான்?"

அவள் பேசியதில் கிறிஸ்டினா ஒரு கணம் திடுக்கிட்டாள். "சண்டைக்குக் கூப்புடறதாம்க்கா. அந்தக் காலத்துப் பழக்கமாம்."

"தெனமும் போடுவானா?"

"ஆட்டம் நடக்கற நாளெல்லாம்."

"இதழ் பிஞ்சிடும்."

"பிஞ்சா நமக்கே அனுப்புவாங்களாம், சரி பண்ணித் தர. பாய் சொன்னாரு." 'நமக்கே' என்று சொன்னதும் கிறிஸ்டினா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீதான் பண்ணுவ."

"நான்தான்."

பாக்யலட்சுமி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நூல இழுக்காத. உன் கை எப்பவும் இறுக்கம். படுக்க வெச்சிட்டு விட்டுடு." வலது கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நீ அன்னிக்கு பாய்கிட்ட சொன்னது என் நல்லதுக்குத்தான். எனக்குத் தெரியும். நான் அந்த மூட்டைய வாங்கினதுக்கு நீ இன்னா பண்ணுவ? ஆனா மனசு ஆற மாட்டேங்குது கிறிஸ்டி. உன்னப் பாத்தாலே பத்திக்கினு வருது."

"ஆற வேணாம்க்கா" என்றாள் கிறிஸ்டினா. "நீ ஆறலன்னாலும் நான் வருவேன். அவ்ளோதான்."

சௌந்தர்யா பரீட்சைக்குப் படிக்கத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பின்கட்டில் காலைப் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. கிறிஸ்டினா எழுந்து, சர்ச்சுக்குக் கட்டியிருந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்தாள்.